சின்னச் சொல்லுக்கு இடமில்லை

'குட்' என்ற ஒரு சொல்லால் ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. கேட்டால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், சிரிப்பதற்குக் காசா பணமா?

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். புருஷன் கிரேன் ஓட்டுகிறவன். அவனுக்கு ஒரு குளிர்நாட்டுத் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. மூன்று பேருக்கும் சேர்த்து விண்ணப்பம் போட்டார்கள். மூன்றாவது ஆள் அவர்கள் மகள், நாலு வயசு. கைக்குள் அடங்குகிற உருவம் என்பதால் வீட்டில் அவளுக்கு சுண்டு என்று பெயர். புருஷனுக்குத் தொழில் தெரியும், அதனால் அவனுக்குப் பரீட்சை இல்லை. பத்து வயசுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மொழியே தேவையில்லை என்பது அந்த நாட்டுக்காரர்கள் எண்ணம், அதனால் சுண்டுவுக்கும் பரீட்சை இல்லை. மனைவி மட்டும் ஆங்கிலத் தகுதித் தேர்வு எழுத வேண்டும்.

எழுதினாள். 'மருத்துவமனைகளின் பயன்' என்று கட்டுரை கேட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி குட், டாக்டர் குட், மருந்து குட், எல்லாம் இருந்தால் ஜனங்களுக்கு குட் என்று எழுதிவிட்டு வந்தாள். தப்பில்லாத ஆங்கிலம்தான். ஆனாலும் அரை மதிப்பெண் குறைந்தது. காரணம் கேட்டதற்கு, 'கல்விசார் சொல்வளம் போதாது' என்று பதில் வந்தது.

மற்ற இருவருக்கும் வந்த அனுமதி காலாவதி ஆகிவிடும் என்றார்கள். "நாங்க முன்னாடி போறோம். அடுத்த பரீட்சை எழுதிட்டு நீ பின்னாடியே வந்துடு" என்றான் புருஷன். அவளும் சரி என்றாள். அரை மதிப்பெண்தானே, அடுத்த தடவை எட்டிப் பிடித்துவிடலாம் என்று நினைத்தாள். அடுத்த தடவை அவள் 'குட்' என்று ஓரிடத்தில்கூட எழுதவில்லை. எல்லா இடத்திலும் 'வெரி குட்' என்று எழுதினாள். ஒரு மதிப்பெண் குறைந்தது.

அதற்குப் பிறகுதான் அவள் சொல்வளப் பேரகத்துக்குப் போனாள்.

பேரகம் ஒரு செருப்புக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. லிப்ட் உண்டு, ஆனால் மாணவர்களுக்கு இல்லை. படியில்தான் ஏற வேண்டும். சும்மாவும் ஏறிவிட முடியாது. ஒவ்வொரு படியிலும் ஒரு ஆங்கிலச் சொல் ஒட்டியிருக்கும், அதைச் சரியாக உச்சரித்தால்தான் அடுத்த படியில் கால் வைக்கலாம். தப்பாகச் சொன்னால் கீழே இறங்கி முதலிலிருந்து வர வேண்டும். தபால்காரர் ஒருவர் முதல் மாடியைத் தாண்டியதே இல்லை. கடிதங்களை அங்கேயே வைத்துவிட்டு, வாயில் வந்ததைச் சொல்லித் திட்டிவிட்டுப் போவார். அந்தச் சொற்களை அவர் நன்றாகவே உச்சரிப்பார்.

பேரகத்தை நடத்தியவரைத் தலைவர் என்பார்கள். வெயில் காலத்திலும் கோட்டுப் போட்டிருப்பார். புதிய மாணவர்களை நிற்க வைத்துத்தான் பேசுவார்.

"சின்னச் சொல், சின்ன வாழ்க்கை. நீங்க எல்லாம் ஏன் இன்னும் இங்கேயே இருக்கீங்க? சின்னச் சொல்லாலதான். நானும் ஒரு காலத்துல 'பிக்', 'பிக்'னு சொல்லிட்டுத் திரிஞ்சவன்தான். ஒரு நாய் மதிக்கல. ஒரு நாள் 'சப்ஸ்டான்ஷியல்'னு சொன்னேன். எதிர்ல நின்னவனுக்குப் புரியல. என் வாழ்க்கையிலேயே முதல் தடவையா ஒருத்தன் என்னை 'சார்'னு கூப்பிட்டான். மரியாதைன்னா என்னன்னு அன்னிக்குத் தெரிஞ்சுது. புரியலைன்னாதான் மரியாதை. புரிஞ்சிட்டா அப்புறம் நம்மகிட்ட என்ன இருக்கு?"

"சார், நீங்க இந்தப் பரீட்சை எழுதியிருக்கீங்களா?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"பிரசவம் பாக்குற டாக்டர் எத்தனை பெத்திருக்கார்னு கேப்பீங்களா? உக்காருங்க."

எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த ஒருவர் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் தரையில் உட்கார்ந்தார்.

முதல் நாள் வகுப்பே இழவு வீடுதான். கறுப்புத் துணி போர்த்திய அட்டைப் பெட்டி ஒன்று நடுவில் இருக்கும். குட், பேட், பிக், ஹெல்ப், பெயின், வான்ட் என்று அவரவர் இத்தனை நாள் பிழைத்துக் கிடந்த சின்னச் சொற்களைத் துண்டுத் தாளில் எழுதி உள்ளே போட வேண்டும். பிறகு மௌன அஞ்சலி. டை கட்டிய பயிற்சியாளர் ஒருவர் இருந்தார். எல்லோரும் டை சார் என்பார்கள். தலை குனியாதவர்களின் தலையை அவர் பிடித்துக் குனிய வைப்பார். எக்ஸ்ரேக்காரியும் 'குட்' என்று எழுதிப் போட்டாள். அந்தச் சொல்மீது அவளுக்கு உண்மையிலேயே கோபம் இருந்தது. சனியன், என் பிள்ளையை என்னிடமிருந்து பிரித்தாயே என்று மனசுக்குள் வைதுகொண்டேதான் போட்டாள்.

அன்று முதல் பேரகத்துக்குள் சின்னச் சொல் பேசினால் தண்டனை. பால்கனியில் ஜெனரேட்டர் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்பதென்றாலும் முழு வாக்கியத்தில், காரண காரியத்தோடு கேட்க வேண்டும். ஒரு டீச்சரம்மா நல்ல வாக்கியமாகத்தான் ஆரம்பித்தார். 'தவிர்க்க இயலாத உடலியல் தேவையின் காரணமாக' என்பது வரைக்கும் அருமையாக வந்தது. வாக்கியம் முடிவதற்குள் அவசரம் முடிந்துவிட்டது. இலக்கணம் சரியாக இருந்ததென்று டை சார் பாராட்டினார்.

இதையெல்லாம் சகித்துக்கொண்டு ஒரு மனுஷி எதற்காக அங்கே போனாள் என்று கேட்கிறீர்களா? வீட்டில் சுண்டுவின் பழைய சட்டை ஒன்று கொடியிலேயே கிடந்தது. அவள் அதை எடுத்து மடிக்கவே இல்லை. அதற்காகத்தான் போனாள்.

வகுப்பில் ஒரு பிளம்பர் இருந்தார். ஏழு தடவை எழுதித் தோற்றவர். அவருக்குப் பெயரே ஏழாந்தடவை என்றாகிவிட்டது. ஒரு நாள் பாடத்தின் நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"சார்... பெயின்... பெயின் சார்..."

"பெயின் சின்னச் சொல்" என்றார் டை சார். "பெட்டியில போட்டுட்டோமே. மாத்திச் சொல்லுங்க."

ஏழாந்தடவை நல்ல மாணவர். வேர்த்து ஊற்றிய முகத்தோடு யோசித்தார். "டிஸ்... டிஸ்கம்ஃபர்ட்."

"வெறும் டிஸ்கம்ஃபர்ட்டா? எவ்வளவு?"

"சப்ஸ்டான்ஷியல்... டிஸ்கம்ஃபர்ட்."

வகுப்பு கை தட்டியது. ஏழு வருஷமாக அந்த மனிதருக்கு யாரும் கை தட்டியதில்லை. சிரித்துக்கொண்டே சரிந்தார். எக்ஸ்ரேக்காரி பாய்ந்து போய்ச் சட்டைப் பித்தானைக் கழற்றி, "ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க! ஃபேனைப் போடுங்க! என்னங்க மரம் மாதிரி நிக்கறீங்க!" என்று கத்தினாள். ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள். பாவம், அவர்களும் படியில்தான் ஏற வேண்டியிருந்தது.

மறுநாள் இரங்கல் கூட்டம் நடந்தது. தலைவர் தழுதழுத்த குரலில் பேசினார்.

"எல்லாரும் சாகத்தான் போறோம். எப்படிச் சாகறோம்கறதுதான் கேள்வி. 'ஐயோ'ன்னு சாகறவன் இருக்கான், 'அம்மா'ன்னு சாகறவன் இருக்கான். நம்ம ஏழாந்தடவையோட கடைசிப் பேச்சைப் பாருங்க. ரெண்டே சொல்லு. ரெண்டும் நம்ம பேரகத்துச் சொல்லு. இவ்வளவு சுத்தமான சாவு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?" கண்ணைத் துடைத்துக்கொண்டு எக்ஸ்ரேக்காரி பக்கம் திரும்பினார். "அந்த நேரத்துலயும் ஒருத்தர் சின்னச் சொல் பேசி, அதுவும் நம்ம பாஷையில கத்தி, அந்தச் சூழ்நிலையையே கெடுத்துட்டாங்க. அவங்க பால்கனிக்குப் போகணும்."

போனாள். ஜெனரேட்டர் புகையில் நின்றுகொண்டு, இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று முடிவெடுத்தாள். அந்த வாரம், பேரகத்தில் சேர்ந்த பிறகு அவள் எழுதியிருந்த பரீட்சையின் முடிவு வந்தது. கால் மதிப்பெண் ஏறியிருந்தது. அடுத்த நாள் காலை முதல் ஆளாகப் படியேறினாள். பெற்றவளுக்குக் கால் மதிப்பெண் என்பது பாதிக் கடல் தாண்டிய மாதிரி.

அதன் பிறகு அவள் தீவிரமாகிவிட்டாள். எக்ஸ்ரே அறையில் அவளுக்கு இருந்த பேச்சே மூன்று சொல்தான்: மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க. வேலை நேரத்தை வீணாக்கக் கூடாது என்று டை சார் அதையும் மாற்றிக் கொடுத்தார். இன்ஹேல், ரிடெய்ன், டிஸ்சார்ஜ். முதல் இரண்டும் எப்படியோ ஓடிவிட்டன. மூன்றாவதைக் கேட்டதும் ஒரு நிமோனியா நோயாளி முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, "ரொம்ப நன்றிம்மா" என்று கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். டிஸ்சார்ஜ் ஆகிவிட்டதாம். அன்றைக்கு மட்டும் அப்படி நாலு பேர் போனார்கள். மேலதிகாரி அவளைக் கூப்பிட்டுக் கண்டித்தார். பேரகத்தில் அவளுக்கு மாலை போட்டார்கள்.

பிறகு வந்தது 'இல்லமே பேரகம்' திட்டம். வீட்டில் பேசுவதையும் பெரிய சொல்லில் பேசி, பதிவு செய்து, பயிற்சியாகக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அவளுக்கு வீட்டில் பேச யார் இருக்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை போனில் வரும் சுண்டு ஒருத்திதான்.

"அம்மா! இங்க பனி கொட்டுது! அம்மா, என் பல்லு ஆடுது!"

அவள் தொண்டை வரை 'அடி என் செல்லமே' வந்தது. பதிவு ஓடிக்கொண்டிருந்தது. விழுங்கினாள். 'அது ஓர் இயற்கையான நிகழ்வு' என்று பொருள்படும் ஆங்கில வாக்கியத்தைச் சொன்னாள்.

"அம்மா?"

"எஸ்."

"நீ ஏன் அப்படிப் பேசற? அம்மா, பல்லு விழுந்தா வலிக்குமா?"

வலி சின்னச் சொல். "சம் டிஸ்கம்ஃபர்ட் இஸ் இனெவிடபிள்" என்றாள் அவள், அதாவது கொஞ்சம் அசௌகரியம் தவிர்க்க முடியாதது. சொன்ன பிறகு பிளம்பரின் முகம் ஞாபகம் வந்து உடம்பு ஒருதரம் தூக்கிப்போட்டது.

டை சார் பதிவைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "உங்க பங்கு பிரமாதம். ஆனா அந்தப் பொண்ணு நடுவுல நடுவுல பூந்து உங்க ஓட்டத்தைக் கெடுக்குது. கொஞ்சம் கம்மியாப் பேசச் சொல்லுங்களேன்."

"அவ என் பொண்ணு சார்."

"அதான் சொல்றேன். நீங்க சொன்னா கேப்பா."

சொன்னாள். சுண்டுவும் கேட்டாள். அதுதான் கொடுமை. அம்மா சொன்னால் கேட்கிற பிள்ளை அது. ஞாயிற்றுக்கிழமை தோறும் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்க, அம்மா பேசி முடிக்கிற வரை பேசாமல் இருக்கும். அந்தப் பதிவுகளுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது.

"ஏன்டி, குழந்தைகிட்டயாவது நம்ம பாஷையில நாலு வார்த்தை பேசக் கூடாதா?" என்று புருஷன் சலித்துக்கொண்டான். "இங்க வீட்டுல நான் இருக்கிற நேரமே கம்மி. நீயும் இப்படிப் பேசினா அது யார்கிட்டதான் பேசும்?"

"இந்த ஒரு பரீட்சைதாங்க. நாக்குல பழகினது போயிடுமோன்னு பயமா இருக்கு. வந்து வட்டியும் முதலுமாப் பேசிக்கறேன்" என்றாள்.

பரீட்சை நாள் வந்தது. எழுத்து முடிந்து பேச்சு. எதிரில் இருந்த அம்மாள், 'நீங்கள் சந்திக்க விரும்பும் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றார். எக்ஸ்ரேக்காரி தன் மகளைப் பற்றிப் பேசினாள். குழந்தைகள் குடும்ப அமைப்பின் குறிப்பிடத்தக்க கூறு என்றாள். நீண்ட காலப் பிரிவு உணர்வுசார் வளர்ச்சிக்கு டெட்ரிமென்டல் என்றாள், அதாவது கெடுதல். அதைத் தணிக்கும் வழிமுறைகள் மூன்று என்று வரிசைப்படுத்தினாள். குரல் தடுக்கவில்லை, கண் கலங்கவில்லை. அந்த அம்மாள் பதிவுக் கருவியை நிறுத்திவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, மதிப்பெண்ணுக்காக அல்லாமல் சும்மா கேட்டார்: பிள்ளைக்கு என்ன வயசு?

"அப்ராக்ஸிமேட்லி சிக்ஸ்" என்றாள் தாய்.

பேச்சில் அவளுக்கு முழு மதிப்பெண்.

முடிவு வந்த அன்று உடனே போன் போட்டாள். சுண்டுதான் எடுத்தாள். எதை முதலில் சொல்வது என்று தாய் திணறினாள். சந்தோஷத்தில் அவளுக்கு எந்தப் பாஷையும் சட்டென்று வரவில்லை, பழகினது மட்டும்தான் வந்தது. விண்ணப்பம் தொடர்பான தேவைகள் திருப்திகரமாகப் பூர்த்தி செய்யப்பட்டன, ஒப்புதல் விரைவில் எதிர்பார்க்கப்படுகிறது என்று ஆங்கிலத்தில் கடகடவென்று சொல்லி முடித்தாள்.

"அப்பா!" என்று சுண்டு உள்ளே பார்த்துக் கத்துவது கேட்டது. "பேங்க் ஆன்ட்டி பேசறாங்க! உங்களுக்கு ஏதோ அப்ரூவ் ஆயிடுச்சாம்!"

போனை அப்படியே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். வாய்விட்டு, ஊரைக் கூட்டி அழுதாள். மறுநாள் பேரகத்துக்குப் போனாள். படியில் ஒரு சொல்லையும் சொல்லாமல் திடுதிடுவென்று ஏறினாள்.

"நாசமாப் போவீங்கய்யா! பெத்த பொண்ணுக்கு என்னை அடையாளம் தெரியல! பேங்க்லேருந்து பேசறாங்கன்னு அப்பனைக் கூப்பிட்டுட்டா!"

தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என்ன சொன்னா? அப்படியே திரும்பச் சொல்லுங்கம்மா. பேங்க்னு சொன்னாளா? அவளாவே சொன்னாளா? யாரும் சொல்லிக் குடுக்கலையே?" டை சார் பக்கம் திரும்பினார். "இருபது வருஷ உழைப்புய்யா! எத்தனையோ பேர் பாஸ் பண்ணியிருக்காங்க. ஆனா யாரையாவது பெத்த பிள்ளை பேங்க்னு நினைச்சிருக்கா? இந்தம்மா எங்கயோ போயிட்டாங்க!"

"என் பொண்ணு என்னை மறந்துட்டான்னு சொல்றேன், உங்களுக்குச் சந்தோஷமா இருக்கா?"

"மறக்கலம்மா. அவளால உங்களை எட்ட முடியல. குறை உங்ககிட்ட இல்ல, குழந்தைகிட்ட. அவளுக்குச் சொல்வளம் போதல. அதுக்கும் நம்மகிட்ட ஒரு ஏற்பாடு..."

"என் பொண்ணு பக்கம் போனீங்க, கையை உடைச்சு அடுப்புல வெச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். பேசியது எல்லாமே சின்னச் சொல்தான். யாரும் அவளைப் பால்கனிக்கு அனுப்பவில்லை.

அந்த வாரமே செருப்புக் கடைக்கு மேலே விளம்பரப் பலகை ஏறியது. 'பெற்ற மகளுக்கே அடையாளம் தெரியவில்லை! இன்றே சேருங்கள்.' கூடவே அவள் படம், மாலையோடு. தெருமுனை வரை வரிசை நின்றது. வரிசையில் பாதிப் பேர் கையில் குழந்தை.

அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு அனுமதி வந்துவிட்டது. புருஷனிடம் மட்டும் போனில் பேசினாள். சுண்டுவிடம் நேரில்தான் பேசுவேன் என்று வைராக்கியமாக இருந்தாள். "அவளும் அதையேதான் சொல்றா" என்றான் அவன். "நேர்லதான் பேசுவாளாம். உனக்கு ஏதோ வெச்சிருக்கா, நான் சொல்ல மாட்டேன்."

விமானத்தில் ஏறியதிலிருந்து அவளுக்கு ஒரே வேலைதான். வா, கண்ணு, தங்கம், பசிக்குதா, எங்க காட்டு, ஐயோ பல்லு விழுந்துடுச்சா என்று ஒவ்வொரு சின்னச் சொல்லாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பக்கத்து இருக்கைக்காரர் அவள் ஜெபம் செய்வதாக நினைத்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

கதவு திறந்தது. கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் புருஷன் நின்றான். அவன் பக்கத்தில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, இத்தனை உயரமாகிவிட்ட அவள் பிள்ளை. பெட்டியைப் போட்டது போட்டபடி ஓடினாள்.

"சுண்டு! அடி என் தங்கமே! வாடி அம்மாகிட்ட!"

நாக்கு ஓரிடத்திலும் சிக்கவில்லை. பிள்ளை ஓடிவரவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, நேராக நின்று, கண்ணை மேலே உருட்டி ஞாபகப்படுத்திக்கொண்டு, முன்பல் இல்லாத வாயால் நிறுத்தி நிறுத்திச் சொன்னது:

"மம்மி, ஐ ஆம் எக்ஸ்ட்ரீம்லி கிராட்டிஃபைட் பை யுவர் அரைவல்."

நீ வந்ததில் மட்டற்ற மகிழ்ச்சி என்று அர்த்தம். அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தப் பேரகத்துத் தலைவர் எனக்குப் போன் பண்ணினார்" என்றான் புருஷன். அவன் முகமெல்லாம் பெருமை. "குழந்தைங்களுக்குத் தாய்மொழி வகுப்புன்னு புதுசா ஆரம்பிச்சிருக்காராம், போன்லயே சொல்லித் தராங்க. அன்னிக்குப் பேசினது பேங்க் ஆன்ட்டி இல்ல, நீதான்னு தெரிஞ்சதும் இவதான் அடம் பிடிச்சுச் சேர்ந்தா. அம்மாவோட பாஷை கத்துக்கணும்னு ஒரே அழுகை. தெனம் ஸ்கூல் விட்டு வந்து இதே வேலைதான்."

சுண்டு அம்மாவைப் பார்க்கவில்லை. அப்பாவின் கோட்டைப் பிடித்து இழுத்து, பயந்த குரலில், தணிவாகக் கேட்டாள்.

"அப்பா, நான் பாஸா? இனிமே அவங்க என்கூடப் பேசுவாங்களா?"